ஒரு தலை குறைந்த வகுப்பு

டேவிட்டின் பெண்டாட்டி ஜெயசீலி, பட்டாபிராமில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சர். அவளிடம் படித்த பிள்ளை தினசரிப் பேப்பரைத் தட்டுத்தடங்கல் இல்லாமல் வாசிக்கும். அந்தக் கர்வம் அவளுக்கு நிறையவே உண்டு. எண்பத்தாறாம் வருஷக் கிறிஸ்மஸ் விருந்தில், ஆவடி குவார்ட்டர்ஸில் இருக்கும் நாத்தனார் சாராளின் மகன் ஜோயல் தமிழில் வேதவசனம் வாசிக்கத் திணறினான். "கான்வென்ட்டுல கட்டுற பீஸுக்கு டை மட்டும்தான் குடுத்தாங்களா அண்ணி?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டாள். சாராள் அன்றைக்குச் சோற்றில் கை வைக்கவில்லை.

அடுத்த ஆகஸ்டில் ஸ்கூல் இன்ஸ்பெக்டர் பிள்ளைகளின் தலை எண்ண வந்தார். நூற்றறுபது பிள்ளை இருந்தால்தான் நாலு டீச்சர். ஒன்று குறைந்தாலும் கடைசியாகச் சேர்ந்தவள் வெளியே, அது ஜெயசீலி. இருந்ததோ நூற்றைம்பத்தொன்பது. முதல்நாளே ஹெட்மாஸ்டர் கஜபதி சொல்லிவிட்டார்: "யார் ஊட்டுப் புள்ளையோ, இட்டாந்து உக்கார வையிம்மா. பேரை நான் எழுதிக்கிறேன். இல்லாங்காட்டி நீ ஊட்டுக்குப் போவ வேண்டியதுதான்."

மூன்று வீடு ஏறி இறங்கினாள். கடைசியில் சாராள் வாசலில் போய் நின்றாள்.

"இன்னாடி, ஒரு நாளைக்கு என் புள்ளை வோணுமா? அவன்தான் படிக்கத் தெரியாத புள்ளையாச்சே!" பக்கத்து வீட்டுப் பெண்கள் எட்டிப் பார்க்கும்வரை நிற்கவைத்துப் பேசிவிட்டுத்தான் சரி என்றாள்.

மறுநாள் ஜோயல் டையும் ஷூவுமாக வந்தான். வேண்டுமென்றே அனுப்பியிருந்தாள். ஜெயசீலி டையை உருவிப் பையில் திணித்தாள். இன்ஸ்பெக்டர் எண்ணினார். சரியாக இருந்தது. போகிறவர் ஷூவைப் பார்த்து நின்று, புத்தகத்தை அவன் கையில் கொடுத்தார்.

"படி."

முதல் வரியில் எழுத்துக்கூட்டினான். இரண்டாம் வரியில் அழுதுவிட்டான். "டீச்சர், நான் படிக்கிறேன்" என்று நாலைந்து கைகள் உயர்ந்தன. இன்ஸ்பெக்டர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"மூணாங்கிளாஸ் பையன். ஒரு வரி வரல. என்னத்தம்மா சொல்லிக் குடுக்கறீங்க?"

இவன் என் வகுப்புப் பிள்ளை இல்லை என்று சொன்னால் மானம் நிற்கும், வேலை போகும். அவர் பார்வைப் புத்தகத்தில் சிவப்பு மையில் எழுதினார்: 'மூன்றாம் வகுப்பு வாசிப்பு மிக மோசம். ஆசிரியைக்கு அக்கறை இல்லை.' அதன் கீழே ஜெயசீலி கையெழுத்துப் போட்டாள்.

சாயங்காலம் பையனைக் கொண்டுபோய் விட்டவள், டையைச் சாராள் மேல் விட்டெறிந்தாள். "ஒங்க புள்ளையால என் மூஞ்சில கரியப் பூசிட்டுப் போறான் அந்த ஆளு!"

"தமிழு படிச்ச நீதானேடி என் வாசல்ல வந்து நின்ன? போ, போயி அந்த வேலையிலயே கெட!"

அடுத்த வருஷமும் ஒரு தலை குறைந்தது. ஜெயசீலி யார் வாசலுக்கும் போகவில்லை. டேவிட் நாயாய் அலைந்து கான்வென்ட்டில் இடம் வாங்கியிருந்தான், ஐந்து வயதான மகளுக்கு. அவளைப் பாதி வகுப்பில் கையைப் பிடித்து இழுத்துவந்து, தன் பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பில் சேர்த்தாள்.

"உன் வேலைக்கு எம் பொண்ணு தலைதான் கெடைச்சுதா?" டேவிட் தட்டைத் தூக்கி அடித்தான்.

"ஆமா. இவள எவன் வந்து படிக்கச் சொன்னாலும் படிப்பா" என்று சிதறிய சோற்றைக் கூட்டி அள்ளினாள் ஜெயசீலி.