ஸ்கோனேயிலிருந்து வந்த சித்தி

சுவீடனுக்குப் படிக்கப் போன சித்தப்பா, அந்த நாட்டுப் பெண்ணையே கல்யாணம் செய்துகொண்டு, திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் ஊருக்கு வந்து இறங்கியபோது நான் ஆறாம் வகுப்பில் இருந்தேன். தன்னைக் கேட்காமல் நடந்த கல்யாணம் என்பதால் அப்பா அவரோடு பேச்சை நிறுத்தியிருந்தார். வராதே என்றும் சொல்லவில்லை, வந்தவரை வா என்றும் சொல்லவில்லை. அம்மாதான் சித்தியின் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனாள்.

மறுநாள் எங்களுக்கு அறுவடை. களத்தில் நெல்லைக் குவித்துக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் அங்கே இருந்தோம். அப்பா யாரையும் பார்க்காமல் அம்மாவிடம் சொன்னார்.

“அந்தப் பொண்ணு எந்த ஊருன்னு கேளு.”

அம்மா வாயைத் திறப்பதற்குள் சித்தியே, “ஸ்கோனேங்க” என்றாள். சித்தப்பா கற்றுக்கொடுத்த தமிழ். கிடைத்த இடத்திலெல்லாம் ஒரு ‘ங்க’ சேர்த்துவிடுவாள்.

நான் வீட்டுக்கு ஓடிப்போய்ப் பள்ளிக்கூட அட்லஸை எடுத்துவந்து புரட்டினேன். சுவீடன் இருந்தது. ஸ்கோனே இல்லை.

“மேப்புலயே இல்லாத ஊரா?” என்றார் அப்பா, அதையும் அம்மாவிடம்தான்.

சித்தியின் முகம் காதுவரை சிவந்துவிட்டது. ஒரு குச்சியை எடுத்துக் களத்து மண்ணில் வரைய ஆரம்பித்தாள்.

“சுவீடன்ல தெற்கு நுனிங்க. மூணு பக்கம் கடல். உள்ள வயல், வயல், வயல். கோதுமைங்க. நாடு முழுக்க நாங்க சோறு போடுறோம். தண்ணிக்கு அந்தப் பக்கம் டென்மார்க். முன்னாடி நாங்களும் டென்மார்க்குங்க. சண்டை வந்துச்சு. அப்புறம் சுவீடன்.”

அப்பா அப்போதுதான் அவளை நேராகப் பார்த்தார். “ராஜா மாறினதும் சனங்க என்ன பண்ணுனாங்க?”

“உழுதாங்க” என்றாள் சித்தி.

அப்பா சிரிப்பை அடக்கிக்கொண்டது மீசையில் தெரிந்தது.

“ரெண்டு ஜில்லாவா வெட்டி வச்சாங்க. இப்ப மறுபடி சேர்த்துட்டாங்க. ஒரே ஸ்கோனேங்க!” என்று சொல்லி அவள் நிமிர்ந்து நின்ற நிற்பு இன்னும் என் கண்ணில் இருக்கிறது. ஏதோ அவளே முன்னின்று சேர்த்துவைத்த மாதிரி.

அப்பா குச்சியை வாங்கினார். அவள் வரைந்ததற்குப் பக்கத்திலேயே காவிரியை இழுத்தார். கொள்ளிடத்தைப் பிரித்தார். பூதலூரில் ஒரு புள்ளி, எங்கள் ஊருக்கு ஒரு புள்ளி. அங்கிருந்து நடந்துகொண்டே கோடு போட்டுக் களத்தின் மறுகோடியில் கோடியக்கரையை வைத்தார்.

“இது அத்தனையும் ஒரே தஞ்சாவூர் ஜில்லாவா இருந்துச்சும்மா. நாங்களும் ஊருக்கே சோறு போட்டவங்கதான். எங்கள வெட்டிட்டாங்க, இன்னும் சேர்க்கல.” குச்சியால் அம்மாவைக் காட்டினார். “இவ பொறந்த கோடியக்கரை இப்ப வேற ஜில்லா. அதுக்காக இவ அசலூர்க்காரி ஆயிடுவாளா? நம்ம வீட்டுக்கு வந்தவ நம்மவதான்.”

நெல்குவியலுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்த சித்தப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தார். தூசி விழுந்திருக்கும் என்று நினைத்தேன்.

எனக்கு ஒரே பெருமை. அப்பா வரைந்த படம்தான் பெரியது. ஸ்கோனேயை எங்கள் ஜில்லா ஜெயித்துவிட்டது என்று திங்கட்கிழமை வகுப்பு முழுக்கச் சொன்னேன். அன்று அப்பா ஜில்லாவைப் பற்றித்தான் பேசினார் என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன்.