ஒன்றுமில்லை என்று வந்த எக்ஸ்ரே

கழுத்துவலி, இடுப்புவலி என்று வருகிறவர்களுக்கு எடுத்த எடுப்பிலேயே எக்ஸ்ரே எழுத வேண்டாம். அடிபட்டது, கை மரத்துப்போவது, காய்ச்சல் என்று எதுவும் இல்லையென்றால் சில வாரம் பொறுக்கலாம் என்று டாக்டர்களுக்கான வழிகாட்டுதல் மாறியிருந்தது. பழனிசெட்டிபட்டியில் நான் டாக்டராக இருந்த சின்ன ஆஸ்பத்திரியில் அதை முதலில் பிடித்துக்கொண்டவள் நான்தான். பிடித்தேன் என்றால் உடும்புப்பிடி. படம் கேட்டவர்களுக்கெல்லாம் கதிர்வீச்சு பற்றி வகுப்பு எடுத்தேன். வெறும் சீட்டோடு போனவர்கள் வாசலில் என்னை என்னவெல்லாம் திட்டினார்கள் என்று நர்ஸ் வந்து சொல்வார். எனக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட.

அப்படித்தான் காமயகவுண்டன்பட்டியிலிருந்து வந்த ஒரு பெண்ணையும் அனுப்பிவைத்தேன். முப்பத்தைந்து வயதிருக்கும். சொந்தத் திராட்சைத் தோட்டம். நாள் முழுக்கப் பந்தலுக்குக் கீழே அண்ணாந்து நின்று, கொத்தில் நெருக்கமாக இருக்கும் காய்களைக் கத்தரித்துவிடும் வேலை. கழுத்தைத் திருப்ப முடியவில்லை. சோதித்தேன், தசைவலிதான். மாத்திரை எழுதி, ஒரு மாதம் அண்ணாந்து செய்யும் வேலை கூடாது என்றும் எழுதினேன். "ஒரு படம் மட்டும் எடுத்துருங்க டாக்டரம்மா" என்று மூன்று தடவை கேட்டாள். மூன்று தடவையும் மறுத்தேன். எதற்கு என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

பத்து நாள் கழித்து, வேறெங்கோ எடுத்த எக்ஸ்ரேயுடன் வந்தாள். கூடவே கணவர். எலும்பில் ஒரு குறையும் இல்லை.

"படத்துல ஒண்ணுமில்லன்னு அங்கன சொல்லிட்டாக. நல்லா இருக்கவள ஒரு மாசம் உக்காரச் சொல்லி எழுதியிருக்கீக" என்றார் அவர்.

அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வலியை வீட்டில் நம்புவதற்கு ஓர் அத்தாட்சி வேண்டும் என்றுதான் அன்று படம் கேட்டிருக்கிறாள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. நல்லபடியாக வந்த படம் அவளைத் திரும்பவும் பந்தலுக்குக் கீழே கொண்டுபோய் நிறுத்திவிட்டது.

கோபம் அவர்மேலா என்மேலா, தெரியவில்லை. தசைவலி எக்ஸ்ரேயில் தெரியாது என்று விளக்கினேன். தலையாட்டினார், நம்பவில்லை. "எந்திரிங்க. ஃபேனைப் பார்த்து அண்ணாந்து ரெண்டு கையையும் தூக்குங்க. நான் சொல்ற வரைக்கும் இறக்கக் கூடாது" என்றேன். சிரித்துக்கொண்டேதான் தூக்கினார். நான் நிதானமாகச் சீட்டு எழுதினேன். பாதி எழுதுவதற்குள் அவர் கைகள் தாழத் தொடங்கின. சற்று நேரத்தில் தானாகவே இறக்கிவிட்டுப் பிடரியைப் பிடித்துக்கொண்டார்.

"வலிக்குதா? ஒரு படம் எடுத்துப் பாத்துருவமா?"

டாக்டர் கேட்கக் கூடாத கேள்விதான். அவர் நாற்காலியில் உட்கார்ந்து கழுத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார். "ஒரு மாசம் ஆள் வச்சுப் பாத்துக்கிறேன்" என்றார் கடைசியில்.

அவர் மாத்திரை வாங்க வெளியே போனதும் அவள் எக்ஸ்ரே கவரை என் பக்கம் தள்ளினாள். "இத இங்கனயே வச்சுக்கங்க டாக்டரம்மா. வீட்டுல இருந்தா எங்க மாமியா வாரவுக போறவுகளுக்கெல்லாம் எடுத்துக் காட்டுறாக."