சோறு இல்லாத நான்கு ரொட்டி

எழுபதுகளில் இலங்கை மலையகத்தில், தெமோதரைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியராக இருந்தேன். சீனி வருத்தம் என்கிற நீரிழிவு வந்து இரண்டு வருடம். சப்பாத்து கடித்துக் கால் பெருவிரலில் வந்த புண் ஒரு மாதமாக ஆறவில்லை. "மூணு கிழமை பார்ப்போம். ஆறலன்னா விரல எடுக்கணும்" என்று பதுளை ஆஸ்பத்திரிப் பெரிய டொக்டர் நகம் வெட்டுவதுபோலச் சொல்லிவிட்டார். திரும்பி வரும்போது பஸ்ஸில் மனைவி எதைக் கேட்டாலும் எரிந்து விழுந்தேன். கோபம் என்று நினைத்துக்கொண்டேன், உண்மையில் சுத்தப் பயம்.

என்மேல் என்ன குற்றம்? சோற்றைக் குறைக்கச் சொன்னார்கள், அடியோடு விட்டேன். தினமும் காலையில், வெறும் வயிற்றில், கண்ணாடிக் குழாயில் நீல மருந்தோடு எட்டுச் சொட்டுச் சிறுநீர் விட்டுக் குசினி அடுப்பில் காய்ச்சுவேன். நீலம் மாறாது. நீலம் என்றால் சீனி இல்லை. குழாயை மனைவியின் மூக்குக்கு நேரே நீட்டி, "பாத்தியா?" என்பேன்.

தோட்டத்து மருந்துக்கார ஐயாவிடம் போய்ச் சண்டை பிடித்தேன். அவர் சிரித்தார். "மாஸ்டர், வெறும் வயித்துல பாத்தா என்ன தெரியும்? சாப்பிட்ட பொறகுதான் சீனி ஏறும். ரெண்டு மணித்தியாலம் கழிச்சுப் பாருங்க."

பார்த்தேன். நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, அங்கேயும் நிற்காமல் செங்கல் நிறத்தில் போய் உட்கார்ந்தது.

"என்னங்க சாப்பிட்டீங்க?" என்றாள் மனைவி, சுட்டுப் போட்டவளே.

"ரொட்டிதானே? சோறுதான் வேணாம்னாங்க."

கோதுமை மாவில் தேங்காய்ப்பூ போட்டு, விரல் தடிப்பில், தொட்டுக்கொள்ள உறைப்பான கட்டசம்பலோடு நான்கு ரொட்டி. தோட்டத்தில் யாரைக் கேட்டாலும் என் பக்கம்தான் பேசியிருப்பார்கள். சோறு உண்ணாதவனை நாங்கள் சாப்பிட்டவன் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. நானும் இரண்டு வருடமாகப் பட்டினி கிடப்பதாகவே நம்பியிருந்தேன்.

அன்றிலிருந்து எங்களுக்குப் பைத்தியம் பிடித்தது. மூன்று ரொட்டிக்கு என்ன நிறம், இரண்டுக்கு என்ன நிறம் என்று குழாயும் கையுமாக அலைந்தோம். மாத்திரையும் காலுக்குக் கட்டும் வழக்கம்போல நடந்தன. ஒன்றரை ரொட்டி, நிறையக் கீரை, பருப்பு என்று தின்ற ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், குழாய் பச்சையில் நின்றுவிட்டது. அசையவே இல்லை. நொண்டிக் காலோடு குசினியைச் சுற்றி ஆடினேன். "அடுப்புல விழுந்து தொலையாதீங்க" என்று அதட்டியவளும் முந்தானையில் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். மூத்திரத்தைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்ட தம்பதி ஊவா மாகாணத்திலேயே இருந்திருக்காது.

சொன்ன மூன்று வாரமும் முடிந்ததும் பெரிய டொக்டர் கட்டை அவிழ்த்தார். புண் காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது. "வெட்டத் தேவையில்ல" என்றார், அதே நகம் வெட்டும் குரலில்.

வெளியே வந்ததும் ஆஸ்பத்திரிப் படியில் மனைவி என்னைப் பிடித்து உட்கார வைத்தாள். நாலு பேர் பார்க்க என் காலைத் தூக்கி மடியில் வைத்து, சின்ன விரலிலிருந்து ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினாள். பெருவிரலுக்கு வந்ததும் எண்ணிக்கை நின்றுவிட்டது. அதை மட்டும் பிடித்துக்கொண்டு, சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இருந்தாள். எங்கள் பஸ் போய்விட்டது. நான் காலை எடுக்கவில்லை.