ஒன்பதாம் நாள் வெயில்

இதை எழுத ஆறு வருடமாகத் தயங்கினேன். பேனாவை எடுத்து மூன்று முறை கீழே வைத்திருக்கிறேன். முதல் காரணம், இதில் நான் நல்லவனாக வரவில்லை. இரண்டாவது காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

சேர்வராயன் மலையில், கிளியூருக்குக் கீழே ஒரு காப்பி எஸ்டேட்டில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தேன். பாதிக்கு மேல் களத்து மேஸ்திரியாக. பழத்தைப் பல்பர் இயந்திரத்தில் விட்டுத் தோல் நீக்கி, கழுவி, சிமெண்டுக் களத்தில் காயப்போடுவோம். மேலே மெல்லிய ஓட்டோடு காயும் அந்தக் கொட்டைக்கு பார்ச்மெண்ட் என்று பெயர். பகலெல்லாம் கிளறிவிட வேண்டும். சாயங்காலம் பனி இறங்குவதற்குள் குவித்து, தார்ப்பாய் போட்டு மூட வேண்டும். மார்கழிக் குளிரில் எட்டு நாளாகும், சில சமயம் ஒன்பது, பத்து. காய்ந்ததா என்று பார்க்கப் பல்லால் கடிப்போம். பல் பதிந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது என்று அர்த்தம்.

கதவைச் சாத்தாமல் போனது

என் மனைவி செலினாவும் அதே எஸ்டேட்டில் பழம் பறித்தவள்தான். ஒருநாள் காலையில் வாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு குழறியது. அன்றிலிருந்து தினமும் நான் வேலைக்குக் கிளம்பும் முன் அவள் கட்டிலருகே உட்கார்ந்து ஜெபம் பண்ணுவோம். இடது கையால் என் கையைப் பிடித்துக்கொள்வாள். “ஆண்டவரே, இவளை எழுந்து நடக்க வையும்” என்று நான் சத்தமாகக் கேட்பேன். கடைசியில் அவள் உதடு மட்டும் அசையும். இப்படி எட்டு வருடம்.

ஒன்பதாவது வருடம் மார்கழியில் ஒருநாள், ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு நேரே வாசலுக்குப் போனேன்.

“ஏனுங்க, ஜெபம் பண்ணாமயா போறீங்க?”

“எட்டு வருசமாக் கேட்டாச்சு. எந்திரிச்சியா நீ? போதும், உடு!” என்று கத்தினேன்.

இடது கையால் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டாள். பிறகு, “சரிங்க, நானே பண்ணிக்கறேன். கதவை மட்டும் சாத்தாம போங்க” என்றாள்.

சில்வர் ஓக் மரம் நிற்கும் வளைவு வரை அவள் குரல் கேட்டது. வார்த்தை புரியவில்லை. நான் நடையை எட்டிப் போட்டேன். அந்த வாரம் முழுவதும் இப்படியே போனேன்.

சூடேறிய மூட்டைகள்

அதே வாரத்தில்தான் களத்தில் காயப்போட்டிருந்த பார்ச்மெண்டுக்கு எட்டாம் நாள். மத்தியானம் சேர்வராயன் மலைப் பக்கம் மேகம் கறுத்தது. மழைக்கு முன்னால் மூட்டை கட்டச் சொன்னேன். களத்தில் கிளறும் காவேரி ஒரு கொட்டையைக் கடித்துப் பார்த்தாள்.

“மேஸ்திரி, பல்லு பதியுதுங்க. குமிச்சு மூடி வெப்போம். இன்னும் ஒரு நா வெயில் வேணும்.”

“எட்டு நாள் காஞ்சது போதும். கட்டு.”

“எட்டு நாளுன்னு நாமதானுங்க எண்ணறோம், காப்பிக்கு எண்ணத் தெரியுமா? உட்டா மேஸ்திரி மலைமேல இருக்கற சேர்வராய சாமிக்கே உத்தரவு போடுவாராட்ட இருக்குது!”

பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு ரோசம் வந்துவிட்டது. ஒரு கொட்டை மிச்சமில்லாமல் கட்ட வைத்தேன்.

நான்கு நாள் கழித்து எஸ்டேட் கணக்கெழுதும் ரைட்டர் ஒரு மூட்டைக்குள் கையை விட்டார். உள்ளே வெதுவெதுவென்று சூடு. பூஞ்சை வாடை குப்பென்று வந்தது.

“என்னய்யா மேஸ்திரி, காப்பியில ஊறுகா போட்டிருக்கியா? எட்டு நாள் பொம்பளைங்க வெயில்ல நின்னு காய வெச்சாங்க. கடைசி நாள்ல கவுத்துட்டியே!”

காவேரி குத்திக்காட்டவே இல்லை. “வாங்க, கொட்டிப் பரப்புவோம். தேறுனது தேறட்டும்” என்று முறத்தை எடுத்தாள். பாதிகூடத் தேறவில்லை.

மத்தியானச் சோறு

சாப்பிட வீட்டுக்கு வந்தபோது செலினாவிடம் சொன்னேன். அவள் முதலில் கேட்டது, “காப்பிக்குக் காய்ச்சல் வந்துருச்சுங்களா?” அவளுடைய கோணிய சிரிப்பைப் பார்த்து நானும் சிரித்துவிட்டேன். ரொம்ப நாள் கழித்துச் சிரித்தேன்.

அவளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டே கேட்டேன். “ஏன் புள்ள, உனக்குச் சலிக்கலையா?”

“நொம்பவே சலிக்குதுங்க. நடக்கோணும்னு கேக்கறதை எப்பவோ உட்டுட்டேன்.”

“பின்ன இத்தனை வருசமா உதட்ட அசைச்சு என்னதான் கேட்ட?”

“இன்னைக்கு ஒரு நா ஆண்டவர் கையை உடாம இருக்கோணும், உங்க கையையும் உடாம இருக்கோணும்னு கேட்டேன். நேத்துக் கேட்டது நேத்தோட சரி. இன்னைக்கு மறுபடியும் கேக்கோணும்.” ஒரு வாய் வாங்கிக்கொண்டு சொன்னாள்: “அவரு கையை உடலைங்க. நானும் உடலை. உட்டது நீங்க ஒருத்தர்தான்.”

அடுத்த வாயை உருட்டி ஊட்டினேன்.

மறுநாள் காலை அவள் அருகே உட்கார்ந்தேன். அதற்கப்புறம் ஏழு வருடம், ஒருநாள் விடாமல் உட்கார்ந்தேன். எல்லா நாளும் மனம் உருகி ஜெபித்தேன் என்று சொன்னால் பொய். சில நாள் வாய் ஜெபிக்கும், மனது களத்தில் நிற்கும். அப்படியும் உட்கார்ந்தேன்.

ஏழாவது வருடம் ஒரு காலையில் ஜெபம் முடிந்தது. இருவரும் ஆமென் சொன்னோம். நான் எழுந்தேன். அவள் கையை விடவில்லை. “உடு புள்ள, நேரமாச்சு” என்றேன். அப்புறம்தான் முகத்தைப் பார்த்தேன். உயிர் போயிருந்தது.

வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். எட்டு நாள் வெயில் ஒன்பதாம் நாளுக்காகவும் சேர்த்துக் காய்ந்துவிடாது. விசுவாசமும் அப்படித்தான். முடிவு வரை தினமும் களத்தில் நிற்க வேண்டும். அதற்குப் பெலன் தருகிறவர் ஆண்டவர்.

இனி அந்த இரண்டாவது காரணம். சபையில் ஒரு சகோதரர் இதைச் சாட்சியாகச் சொன்னபோது, செலினா எழுந்து நடந்தாள் என்று சேர்த்துவிட்டார். நல்ல மனதோடுதான் சேர்த்தார், ஆனாலும் எனக்குப் பொறுக்கவில்லை. படிக்கிறவர்கள் இதை இன்னும் நாலு பேருக்குச் சொல்லுங்கள், உள்ளபடி சொல்லுங்கள். நான் அவளிடம் கத்தியதை மறைக்க வேண்டாம். அவளை நடக்க வைக்கவும் வேண்டாம். அவள் படுத்தபடியேதான் தன் விசுவாச ஓட்டத்தை ஓடி முடித்தாள்.