கேப்டனின் எதிர் நாற்காலி

பிரெஞ்சுச் சிப்பாய் எவாரிஸ்ட் பூல்மே போரில் ஜெர்மானியரிடம் கைதியாக இருந்தபோதுகூட வேலையில்லாமல் இருந்ததில்லை. அது அதிகாரிகளுக்கான சிறைமுகாம். முள்வேலிக்குள் அடைபட்டாலும் அதிகாரி அதிகாரிதான். அவருடைய பூட்ஸைத் துடைக்க ஒரு சிப்பாய்க் கைதி வேண்டும். அந்தப் போர் முழுவதிலும் இரு நாடுகளும் ஒத்துப்போன ஒரே விஷயம் இதுதான். குதிரைப்படைக் கேப்டன் தெ லஸ்கார் பிரபுவுக்கு எவாரிஸ்ட் வாய்த்தார்.

போர் முடிந்தபின் முகாம்வாசிகள் ஆண்டுக்கொருமுறை சோமூர் நகரில் மதாம் ரிவாலின் சாப்பாட்டுக் கடையில் கூடி, முகாமில் கனவு கண்ட முயல் கறியைத் தின்றார்கள். சகோதரத்துவத்தைக் கொண்டாடும் விருந்து. ஆகவே ஜன்னலோரம் அதிகாரிகள் மேசை, அடுப்படிக் கதவோரம் பணியாட்கள் மேசை. மரணம் மட்டும் பாரபட்சம் பாராமல் இரு மேசைகளிலும் ஆட்களைப் பொறுக்கியது. கடைசியில் ஜன்னலோரம் கேப்டன் மிஞ்சினார், கதவோரம் எவாரிஸ்ட்.

மனைவியைப் புதைத்து, வாடகை அறையில் தனியே சூப் காய்ச்சிக் குடிக்கும் எவாரிஸ்டுக்கு இருந்தது ஒரே ஆசை: ஒருமுறை கேப்டனுக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட வேண்டும்.

அந்த இலையுதிர் காலத்தில் ஊர்த் திரையரங்குக்குப் போர்க்கைதிகளைப் பற்றிய படம் ஒன்று வந்தது. எவாரிஸ்ட் முன்வரிசைப் பலகையில், கேப்டன் மாடியில். படத்தில் ஒரு கோமகனும் ஒரு கொல்லனும் ஒரே போர்வைக்குள் குளிருக்கு ஒடுங்கினார்கள். விளக்கு எரிந்ததும் எவாரிஸ்ட் திரும்பி மாடியைப் பார்த்தார். கேப்டன் கைக்குட்டையில் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார். இந்த வருடம் கூப்பிட்டுவிடுவார் என்று எவாரிஸ்டுக்கு உறுதியாயிற்று. விருந்துக்கென்று சட்டைக்குப் புதுக் காலர் வாங்கினார்.

விருந்தன்று மதியம் மதாம் ரிவால் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"ரெண்டு கிழங்களுக்கு ரெண்டு மேசை, ரெண்டு விரிப்பா? துவைக்கிறது யாரு, உங்க ஜெனரலா?"

அவர் பதில் சொல்வதற்குள் ஜன்னலோரத்திலிருந்து குரல் வந்தது.

"எவாரிஸ்ட்! இங்க வாய்யா."

கேப்டன் எதிர் நாற்காலியைத் தன் கையாலேயே இழுத்துப் போட்டிருந்தார். எவாரிஸ்ட் அருகே போனார். உட்காரத்தான் போனார். கேப்டனின் கோப்பை காலியாக இருந்தது.

"இதோ கேப்டன் ஐயா, ஒயினை மட்டும் ஊத்திட்டு."

ஊற்றினார். பிறகு முயல் கறியிலிருந்து எலும்பை நீக்கிக் கொடுத்தார். சாறு விட்டார். ரொட்டித் துணுக்குகளைத் துடைத்தார்.

"உக்காரேன்யா. அந்தப் படம் பாத்தியா?"

"பாத்தேங்க."

"அதுல எல்லாரும் ஒண்ணா உக்காந்து சாப்பிடறாங்க."

"அது சினிமாங்க" என்றது எவாரிஸ்டின் வாய். முகாமில் பழகிய வாய். அவரைக் கேட்டுக்கொண்டு பேசுவதில்லை.

கேப்டன் தட்டின் பக்கம் குனிந்தார். சாப்பிட்டு முடித்து எழுந்தார். எவாரிஸ்ட் மேல்கோட்டை விரித்துப் பிடித்தார். கை சரியாக நுழைந்தது. அதில் அவர் என்றுமே பிசகியதில்லை.

"வரேன், எவாரிஸ்ட்" என்றவர் வாசலில் ஒருகணம் நின்று, போய்விட்டார்.

மதாம் ரிவால் ஆறிப்போன முயல் கறித் தட்டைக் கொண்டுவந்து ஜன்னலோரம் வைத்தாள்.

"இப்பவாச்சும் உக்காரும், மகாராசா. தடுக்க ஒருத்தரும் இல்ல."

எவாரிஸ்ட் உட்கார்ந்தார். நல்ல நாற்காலி. வெளிச்சமும் தாராளம். எதிரே யாரும் இல்லை என்பதைத் தவிர அந்த இடத்தைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.