ஸ்டெல்லாவின் சிவப்புப் பெருக்கல் குறி

ஞாயிற்றுக்கிழமை காலை பட்டாபிராமிலிருந்து ஸ்டெல்லாவின் கணவர் அழைத்தார். "போயிட்டா சார்" என்றார்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் விமானி அறையில் உயரம், வேகம் காட்டும் திரைகளை வடிவமைக்கும் எங்கள் அலுவலகத்தில், அவற்றைப் பைலட்டுகளிடம் காட்டிச் சோதிப்பது ஸ்டெல்லாவின் வேலை. அவரிடம் மாட்டியவர்களுக்குத் தெரியும்: கண் சிமிட்டும் நேரம் திரையைக் காட்டுவார், சட்டென்று பரீட்சை அட்டையால் மூடுவார். "இப்போ இன்னா பாத்தீங்க, சொல்லுங்க!" பெரிய பெரிய கேப்டன்களெல்லாம் திருதிருவென்று விழிப்பார்கள். "கண்ணு எல்லாத்தையும் பாக்குது சார். மனசு தனக்கு வேண்டியதத்தான் எடுத்துக்குது" என்று சிரிப்பார்.

ஒரு முறை பெரிய சண்டை. உயரத்தை அளக்கும் கருவி பழுதானால் திரையில் என்ன காட்டுவது? கடைசியாக வந்த எண்ணையே வைத்திருக்கலாம், வெற்றிடத்தைப் பார்த்தால் பைலட் பதறிவிடுவார் என்றார் மேலாளர். ஸ்டெல்லாவுக்கு வந்ததே கோபம்! "பதறட்டுமே! பதறினா வேற மீட்டரப் பாப்பாரு. பொய்ய நம்பி உக்காந்துகினு இருந்தா செத்துடுவாரு சார்." மறுநாள் அந்தத் திரையை அனுப்பியாக வேண்டும். மனுஷி அசையவில்லை.

அன்று மாலையே, அனுபவம் வாய்ந்த ஒரு கேப்டனை அலுவலகத்தில் ஓட்டிப் பார்ப்பதற்கென்று இருந்த மாதிரி விமானி அறையில் உட்கார வைத்தார். மேகத்துக்குள் மூவாயிரம் அடி உயரத்தில் ஓட்டச் சொன்னார். பாதியில், உயரத்தைச் சொல்லும் எண்களை அப்படியே உறைய வைத்தார். விமானம் மெல்ல இறங்கியது. திரையோ மூவாயிரம் என்றே சாதித்தது. கேப்டன் பார்த்தார், தலையாட்டினார், மறுபடி பார்த்தார். அவர் காண விரும்பியதைத்தானே அது காட்டுகிறது! பக்கத்திலேயே தனி மீட்டர் ஒன்று உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தது. அதன் பக்கம் அவர் திரும்பவே இல்லை. தரையில் மோதிய பிறகுதான் திடுக்கிட்டார். மேலாளரே அந்த எண்ணை எடுக்கச் சொன்னார். கருவி பழுதானால் எண் போய், அந்த இடத்தில் சிவப்புப் பெருக்கல் குறி வரும்படி திரை மாறியது.

"தெரியலன்னு சொல்ற ஸ்கிரீன நம்பலாம் சார்" என்றார் ஸ்டெல்லா, டீயை ஊதிக்கொண்டே.

அடக்கம் முடிந்து கல்லறைத் தோட்டத்தில் நின்றபோது, அவர் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "முன்னாடியே டாக்டர்கிட்ட காட்டியிருந்தா அம்மா பொழச்சிருப்பாங்களா அங்கிள்?"

யாராலும் காப்பாற்றியிருக்க முடியாதம்மா என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவள் கேட்க விரும்பியதும் அதுதான். ஆனால் கேட்பவள் ஸ்டெல்லாவின் மகளாயிற்றே!

"எனக்குத் தெரியலம்மா" என்றேன்.

ஸ்டெல்லாவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அதைச் சொல்லும் தைரியத்தைத்தான். அதைக் கேட்ட பிறகுதான் அந்தப் பெண் என் தோளில் சாய்ந்து வாய்விட்டு அழுதாள்.