பற்றவைத்த பீரங்கி

1. செப்புத் தகட்டுக் கடல்

வேலையில் சேர்ந்த முதல் நாள் காலை என்னை ஒரு கப்பலைத் துடைக்கச் சொன்னார்கள். பித்தளைக் கப்பல். நான் இரண்டு கைகளையும் விரித்து நின்றாலும் முனைக்கு முனை எட்டாது. மூக்கண்டப்பள்ளிப் பக்கத்து மேட்டில், வட்டமாகச் செப்புத் தகடு பரப்பிய தரையின் நடுவே அது நின்றது. அந்தத் தகடுதான் கடல். நிஜக் கடலை அதுவரை நான் பார்த்ததில்லை. எங்கள் ஷெட்டில் கடலைப் பார்த்தவர் இன்ஜினீயர் சீனிவாசன் சார் ஒருவர்தான்.

நான் தளிக்குப் பக்கத்துக் கிராமத்துக்காரன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள். எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு, பெங்களூரில் ரேடியோ ரிப்பேர் கற்றுக்கொண்ட தைரியத்தில், கப்பல் ஏரியல்களைச் சோதிக்கும் இந்த நிலையத்துக்கு மனுப் போட்டேன். டெக்னிகல் அசிஸ்டென்ட் என்று எடுத்துக்கொண்டார்கள். என்ன வேலை என்று அப்பா கேட்டதற்கு, கப்பலில் ஏரியல் எங்கே வைப்பது என்று பார்க்கிற வேலை என்றேன். அப்பா, சம்பளம் ஒழுங்காக வருமா என்று மட்டும் கேட்டார்.

கடல் இல்லாத ஓசூரில் இந்த நிலையத்தை ஏன் வைத்தார்கள் என்று இப்போது புதிதாக வருகிறவர்களும் கேட்கிறார்கள். பெங்களூரில் மின்சாரக் கம்பிகள் அதிகம், அலையை அளக்கும் மீட்டர் குழம்பும். இங்கே அன்று வெறும் பாறையும் கொள்ளுக்காடும்தான். முதல் வாரம் ஆடு மேய்த்துக்கொண்டு வந்த ஒருவர் வேலியோரம் நின்று வெகுநேரம் பார்த்துவிட்டு, “இது எந்தக் கோயிலுக்குங்க?” என்று கேட்டார். ஆயுத பூஜைக்கா, தெப்பத்துக்கா என்பது அவருடைய அடுத்த சந்தேகம்.

2. இடச் சண்டை

வேலையின் அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தரையில் ஏரியல் வைப்பதென்றால் ஊருக்கு வெளியே தனிக் கம்பம் நட்டால் போதும். போர்க்கப்பலில் அப்படித் தனி இடம் கிடையாது. கொடிமரம், புகைபோக்கி, பீரங்கி, கயிற்றுக்குப் பதில் இழுத்துக் கட்டிய இரும்புக் கம்பி என்று எங்கே பார்த்தாலும் உலோகம். ஏரியலுக்குப் பக்கத்தில் நிற்கும் எந்த உலோகமும் அலையில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும், இல்லையென்றால் வேறு திசையில் திருப்பிவிடும்.

இதில் பீரங்கிக்காரர்கள் நியாயம் ஒன்று, வயர்லெஸ்காரர்கள் நியாயம் ஒன்று. பீரங்கி சுழலும் வட்டத்துக்குள் ஒரு கம்பிகூட நிற்கக் கூடாது, சுடும்போது எழும் அதிர்வில் பீங்கான் இன்சுலேட்டர் நொறுங்கும். வயர்லெஸ்காரர்களோ தங்களுக்கு உயரமும் வெட்டவெளியும் வேண்டும் என்பார்கள். முதலில் பீரங்கிக்கு இடம், மிச்சம் இருந்தால் ஏரியலுக்கு என்பதுதான் வழக்கம். கட்டி முடித்த கப்பலில் கொடிமரத்தைப் பிடுங்கி மாற்ற முடியாது. அதனால் நாற்பத்தெட்டில் ஒரு பங்காகச் சுருக்கிய மாடல். கப்பலைச் சுருக்கியது போலவே அலையையும் சுருக்கி அனுப்பினால், பெரிய கப்பல் கடலில் எப்படி நடந்துகொள்ளுமோ அப்படியே சின்னக் கப்பல் தகட்டின் மேல் நடந்துகொள்ளும். டர்ன்டேபிள் என்ற சுழல்மேடையில் வைத்து அதைச் சுற்றச் சுற்ற, தூரத்துக் கம்பத்தடியில் உட்கார்ந்து மீட்டர் முள்ளைப் படிப்பது என் வேலை.

3. ஆச்சாரி

அந்த மாடலைச் செய்தவர் நஞ்சுண்டாச்சாரி. கிருஷ்ணகிரியில் பாத்திரக் கடை வைத்திருந்தவர். நாற்பது வயது இருக்கும். வீட்டில் தெலுங்கு, கடைத்தெருவில் கன்னடம், எங்களோடு தமிழ். ஷெட்டில் எல்லாருக்கும் அவர் ஆச்சாரி, எனக்கு ஆச்சாரிண்ணா. தினக்கூலி மஸ்டர் ரோலில் இருந்தார். இந்தக் கப்பல் நல்லபடியாக முடிந்தால் பர்மனன்ட் செய்ய எழுதுவதாக சீனிவாசன் சார் சொல்லியிருந்தார். அந்தச் சொல்லை நம்பி அவர் கடையை மூடிவிட்டு, மனைவியையும் இரண்டு பெண்களையும் ஓசூருக்கே கூட்டிவந்து வாடகைக்கு வீடு எடுத்திருந்தார்.

டிராயிங்கில் ஒவ்வொரு பீரங்கியைச் சுற்றியும் அது திரும்பும் எல்லை ஒரு வளைகோடாகப் போட்டிருக்கும். மாடலில் அது வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. அவராகவே ஒவ்வொன்றுக்கும் அடியில் அச்சாணி மாதிரி ஒரு அச்சுப் பின் வைத்து, திருகினால் சுற்றும்படி செய்துவிட்டார். முதன்முதலில் சாருக்கு ஒற்றை விரலால் சுற்றிக் காட்டியபோது ஆச்சாரியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. “திரும்பாதது பீரங்கி இல்லிங்க, குழாய்” என்றார். சாரும் சிரித்தார்.

ரீடிங் எடுக்கத் தொடங்கியதும் சிக்கல் வந்தது. பின்பக்கத்து ஏரியலுக்கு இன்று வந்த ரீடிங் நாளை வருவதில்லை. ஒரு நாள் முள் நன்றாக ஏறும். மறுநாள் அதே கோணத்தில், அதே ஏரியலுக்கு, பாதியில் நின்றுவிடும். மூன்றாம் நாள் இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ நிற்கும். அலையை உண்டாக்கும் ஜெனரேட்டரை மாற்றினோம். கேபிளை மாற்றினோம். மீட்டரைப் பெங்களூருக்கு எடுத்துப்போய்ச் சோதித்து வந்தேன். எல்லாம் சரியாக இருந்தன. மேலிடத்திலிருந்து ரிப்போர்ட் எங்கே என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

மிஞ்சியது ஆச்சாரி பற்றவைத்த ஜாயின்ட். ஒரு நாள் சார் மாடலுக்குப் பக்கத்தில் நின்று, என்னை முள்ளைப் பார்க்கச் சொல்லிவிட்டு, ஒவ்வொரு பாகமாகத் தொட்டு அசைத்தார். பின்பக்கத்துப் பீரங்கியில் கை வைத்ததும் முள் துள்ளியது. நான் கையைத் தூக்கிக் காட்டினேன்.

“தொட்டா ஆடுதுய்யா ஆச்சாரி. உன் ஜாயின்ட்டு லூஸு” என்றார் சார்.

ஆச்சாரி குனிந்து பார்த்தார். பற்றவைத்த இடத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தார்; ‘பத்து’ என்பது அதற்கு அவர் சொல்லும் பெயர். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் முள் ஆடியதை அவரும் வந்து பார்த்தார். பீரங்கிகள் எல்லாவற்றையும் கப்பலின் நீளவாக்கில் நேராக நிறுத்தி, அசையாமல் ஈயம் வைத்துப் பற்றவைத்துவிடச் சொன்னார் சார். ஆச்சாரியே பற்றவைத்தார். மறுநாள் ரீடிங், அதற்கும் மறுநாள் ரீடிங், இரண்டும் அச்சு அசலாக ஒன்று. ஷெட்டில் எல்லாருக்கும் அப்பாடா என்று இருந்தது. ஆச்சாரிதான் சார் முன்னால் வந்து நின்று, “தப்பு நம்மளதுதாங்க” என்றார்.

பர்மனன்ட் ஆனவர்களில் அவர் இல்லை. ஜாயின்ட்டே நிற்காதபோது நான் எப்படி எழுதுவது என்று சார் வருத்தத்தோடுதான் சொன்னார். அந்த மாதக் கடைசியில் ஆச்சாரி வேலையை விட்டு நின்றுவிட்டார். சாமான்களை வண்டியில் ஏற்றிய அன்று நானும் போய்க் கை கொடுத்தேன். அம்மியை ஏற்றி வைத்துவிட்டு என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

“தம்பி, நெசமாவே லூஸா இருந்துச்சா?”

“முள்ளு ஆடுச்சேண்ணா” என்றேன். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

4. சுட்டால் செவிடு

ரிப்போர்ட் போனது. அதில் சொன்ன இடத்திலேயே நிஜக் கப்பலில் ஏரியல் கட்டினார்கள். அடுத்த வருஷம் அந்தக் கப்பலின் பீரங்கி அதிகாரி ஒருவர் ஜீப்பில் எங்கள் மேட்டுக்கு வந்தார். வெள்ளைச் சட்டையெல்லாம் செம்மண் படிந்திருந்தது. அவர் இங்கிலீஷில் சொன்னதன் சாரம் இது: கப்பல் சும்மா போகும்போது கரையோடு நன்றாகப் பேச முடிகிறது. பீரங்கிப் பயிற்சி என்று தொடங்கினால் கரைக்குச் சத்தம் போவதும் இல்லை, அங்கிருந்து வருவதும் இல்லை. ஒரு முறை, குறிப்பலகையை இழுத்துப்போகும் படகு பாதை மாறி வந்துவிட்டதாகக் கரையிலிருந்து கூப்பிட்டிருக்கிறார்கள். இவர்களுக்குக் கேட்கவில்லை. கண்ணால் பார்த்துக் கடைசி நேரத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். வயர்லெஸ் ஆப்பரேட்டர் தூங்கினான் என்று அவனுக்குத் தண்டனைகூடக் கொடுத்துவிட்டார்களாம். ஆள் மாற்றியும் அதேதான்.

சார் எழுந்து மாடலுக்குப் பக்கத்தில் போய் நின்றார். பிறகு என்னைக் கூப்பிட்டு, பின்பக்கத்துப் பீரங்கியின் ஈயத்தை உருக்கி எடுக்கச் சொன்னார்.

ப்ளோலேம்ப் தீயை வைத்து உருக்கினேன். பீரங்கி அச்சுப் பின்னில் லேசாகச் சுழன்றது. கை படக் கூடாது என்று ஒரு மூங்கில் குச்சியால் அதன் குழலைத் தள்ளினேன். இந்த முறை சாரே முள்ளின் முன்னால் உட்கார்ந்தார். நேராக இருந்த குழலைப் பக்கவாட்டில் திருப்பத் திருப்ப முள் இறங்கிக்கொண்டே வந்தது என்றார். ஓர் இடத்தில், குழல் ஏரியலை ஒட்டி வரும் கோணத்தில், ஏறக்குறைய அடியோடு படுத்துவிட்டது. திரும்ப நேராக்கினால் ஏறியது. மறுபடியும் திருப்பச் சொன்னார், மறுபடியும் இறங்கியது. எத்தனை தடவை செய்தோம் என்று நினைவில்லை. வெயிலில் நின்றுகொண்டிருந்த அதிகாரி தொப்பியைக் கழற்றிவிட்டார்.

அப்போதுதான் எங்களுக்குப் பழைய கதை புரிந்தது. தினமும் சாயங்காலம் மாடல் மேல் தார்ப்பாய் போட்டு மூடுவோம், காலையில் இழுப்போம். இழுக்கும்போது தார்ப்பாய் பின்பக்கத்துப் பீரங்கியின் குழலில் மாட்டி அதைக் கொஞ்சம் திருப்பிவிடும். ஒவ்வொரு காலையிலும் அது ஒவ்வொரு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறது. நாங்கள் ஏரியலைப் பார்த்தோம், மீட்டரைப் பார்த்தோம். பீரங்கி எங்கே பார்க்கிறது என்று ஒருவரும் பார்க்கவில்லை. அது எங்கள் இலாகா இல்லை என்ற நினைப்பு. சார் கை வைத்தபோது முள் துள்ளியதும் ஜாயின்ட் ஆடியதால் அல்ல, பீரங்கி திரும்பியதால். கடலில் நடக்கப்போவதை அந்தச் சின்னக் கப்பல் எங்களுக்குத் தினமும் காட்டியிருக்கிறது. நாங்கள் ஈயம் வைத்து அதன் வாயை அடைத்துவிட்டோம்.

சார் மீட்டரை அணைத்தார்.

“லூஸே இல்லப்பா அது” என்றார். பிறகு, “ஆச்சாரி இப்ப எங்க இருக்கார்?” என்று கேட்டார்.

அந்தக் கப்பலில் ஏரியலை இனி மாற்ற வழியில்லை. சுடும் நேரத்தில் முன்பக்கத்து ஏரியலுக்கு மாறிக்கொள்ள ஒரு ஸ்விட்ச் வைத்துக் கொடுத்தோம். அடுத்து வந்த கப்பல்களில் இடத்தையே மாற்றினோம். அந்த ஆப்பரேட்டரின் தண்டனையை ரத்து செய்தார்களா என்று தெரியாது.

5. மண்டியில்

ஆச்சாரிக்கு வேலை போட்டுத் தருவதாகவும், தானே மேலிடத்தில் பேசுவதாகவும் சொல்லி சார் என்னைக் கிருஷ்ணகிரிக்கு அனுப்பினார். பஸ்ஸில் போகும்போது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. நல்ல சேதி கொண்டுபோகிறோம் என்ற எண்ணம்.

பாத்திரத் தெருவில் அவர் இல்லை. மாங்காய் மண்டியைக் கை காட்டினார்கள். சீசன் நேரம். ஆச்சாரி ஒரு மூலையில் உட்கார்ந்து கூடையில் வைக்கோல் பரப்பிக் காய்களை அடுக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, உன் வீட்டில் யாருக்காவது கல்யாணமா, உனக்கே கல்யாணமா என்று கலந்து கலந்து ஏதோ கேட்டார். நான் உட்காரவைத்து நடந்ததைச் சொன்னேன். புரிகிறதா என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். நீங்கள் வைத்த அச்சுப் பின் இன்றைக்கும் அப்படியே சுற்றுகிறது, துளி ஆட்டம் இல்லை என்றேன்.

“பத்து விடலையா?”

“விடலைண்ணா.”

“அன்னிக்கும்?”

“அன்னிக்கும் விடல.”

அவர் ஒரு காயை எடுத்துக் காம்பைப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார்.

“அப்ப நானே எதுக்குத் தம்பி ஒத்துக்கினேன்?”

அவரே பேசினார். இங்கே திரும்பி வந்து மறுபடி கடை போட்டாராம். ஜனங்கள் குடம், அண்டா என்று கொண்டுவந்திருக்கிறார்கள். பற்றவைத்து முடித்த பிறகு, நின்றதா இல்லையா என்று அவருக்கே சந்தேகம். சுத்தியலால் தட்டிப் பார்ப்பார். நின்றிருக்கும். மறுபடி தட்டுவார். “தட்டித் தட்டியே நல்ல பத்தையெல்லாம் நானே விட வச்சேன். அப்புறம் யாரு கொண்டாருவாங்க? போன பொங்கலுக்குப் பட்டறைச் சாமானெல்லாம் மச்சானுக்கே குடுத்துட்டேன்.”

சார் வேலை தருகிறார், பர்மனன்ட்டாக எழுதுகிறேன் என்கிறார் என்று சொன்னேன். இரண்டு தடவை சொன்னேன்.

“சார் மேல கோவமெல்லாம் இல்ல, அதைச் சொல்லிடு. ஆனா வரமாட்டேன்பா. இன்னொரு வாட்டி முள்ளு ஆடுச்சுன்னா, எல்லாருக்கும் முந்தி நான்தான் என் கையைப் பார்ப்பேன். அப்புறம் அங்க எனக்கு என்ன வேலை?”

மண்டிக்காரர் கூப்பிட்டார். ஆச்சாரி எழுந்து போய்விட்டார். நான் கொஞ்ச நேரம் காத்திருந்தேன், பிறகு ஓசூர் பஸ் பிடித்தேன். சாரிடம் சொன்னபோது அவர் இன்னொரு முறை போகச் சொன்னார். போனேன். அந்த முறை ஆச்சாரி வேலையைப் பற்றிப் பேசவே விடவில்லை, சாப்பிட வைத்து அனுப்பினார்.

இப்போது எங்கள் ஷெட்டில் ஒரு வழக்கம் இருக்கிறது. ரீடிங் தொடங்குவதற்கு முன் ஒருவர் மாடலைச் சுற்றி வந்து, எந்தப் பீரங்கி எந்தப் பக்கம் பார்க்கிறது என்று எல்லாரும் கேட்க வாய்விட்டுச் சொல்ல வேண்டும். புதிதாக வருகிறவர்கள் இதைக் கேலி செய்கிறார்கள். செய்யட்டும். நான் சொல்ல வந்தது ஒன்றுதான். ரீடிங் மாறினால் என்னென்ன அசைந்தன என்று முதலில் பாருங்கள். அதற்கு முன்னாலேயே வேலை செய்தவரின் கை சரியில்லை என்று வாயில் வருகிறது பாருங்கள், அதை அடக்குங்கள். அந்தச் சொல்லைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்துத்தான் நான் இரண்டு தடவை கிருஷ்ணகிரிக்குப் போனேன்.